மலர்விழி நகரின் நிறம்

நெமிலிச்சேரி
12 பிப்ரவரி 2024

பெறுநர்:
ஒருங்கிணைப்பாளர்,
நீர்வழிகளும் குடியிருப்புகளும் ஆய்வுக் குழு

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். மலர்விழி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பணிக்காலம் முழுவதும் குவார்ட்டர்ஸில் கழித்துவிட்டு, கடைசியில் கையில் வந்ததை எல்லாம் போட்டு இங்கே ஒரு வீடு கட்டினேன்.

தங்கள் குழு சென்னையின் மேற்குப் புறநகர்களுக்கு ஒரு வெள்ள அபாய வரைபடம் தயாரித்திருப்பதாகவும், அதில் எங்கள் நகர் முழுக்கச் சிவப்பாக இருப்பதாகவும் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு ஸ்ரீகாந்த் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறவர். அவர் தன் லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினார். என் வீட்டு மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது. அதன் மேல் சிவப்புப் பூசியிருக்கிறது.

ஸ்ரீகாந்த் தன் வீட்டை விற்பதற்குப் பேசி முடித்திருந்தார். வாங்க வந்தவருக்கு வங்கி கடன் தர மறுத்துவிட்டது. காரணம் கேட்டால் இந்த வரைபடத்தைச் சொல்கிறார்கள். இன்னொரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள், "இந்த ஏரியா இடிக்கப் போறாங்களாமே" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டிசம்பர் மழையில் தண்ணீர் வந்தது உண்மை. நான் மறைக்கவில்லை. என் மனைவி பார்வதம் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள, எங்கள் தெருவை ஒட்டி ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூங்காவனம் என்ற அம்மாள் வருகிறாள். அன்றைக்குத் தன் வீட்டுச் சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் வந்து, என்னோடு சேர்ந்து பார்வதத்தை மாடிக்குத் தூக்கினாள். ஆனால் அம்மையீர், சென்னையில் அன்று தண்ணீர் வராத இடம் எது? எங்களுக்கு மட்டும் ஏன் இந்த நிறம்?

இனி தண்ணீர் வராமல் இருக்க எங்கள் சங்கமே ஓடைக்கரையில் தடுப்புச் சுவர் கட்டிவருகிறது. சாலையையும் உயர்த்துகிறோம். தங்கள் குழுவைச் சேர்ந்த யாரும் எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே அந்தச் சிவப்பை உடனே நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மின்னஞ்சலில் எழுதினால் படித்தீர்களா இல்லையா என்பது தெரியாது. அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பா. பால்ராஜ்


திருமுல்லைவாயில்
2 மார்ச் 2024

மதிப்பிற்குரிய பால்ராஜ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகத் தாளில் பதில் எழுதினால் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகும். அதனால் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நானும் உங்கள் ரயில் பாதையிலுள்ள ஊரில்தான் குடியிருக்கிறேன்.

எங்கள் குழு பெரியது என்று நினைத்திருப்பீர்கள். வெவ்வேறு கல்லூரிகளில் நகர்த் திட்டமிடல் கற்பிக்கிற ஏழு பேர். சனிக்கிழமைகளில் கூடுகிறோம். பேராசிரியர் ராகவன் தலைவர். கூட்டம் கூட்டுவதும் குறிப்பு எழுதுவதும் அறிக்கை தொகுப்பதும் என் வேலை. அரசுத் துறை ஒன்று எங்கள் அறிக்கையைக் கேட்டிருக்கிறது. அடுத்த திட்டத்துக்கு அதை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

நீங்கள் பார்த்தது வரைவுதான். அது எப்படி வெளியே போனது என்று எங்களுக்கே தெரியவில்லை. உங்கள் தெருவுக்கு நாங்கள் வரவில்லை என்பது சரி. செயற்கைக்கோள் படங்களையும் பழைய நில வரைபடங்களையும் வைத்துச் செய்தோம். நேரில் போக எல்லா இடத்துக்கும் ஆள் இல்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

கேட்டார்கள் என்பதற்காக ஒரு நிறத்தை எடுக்க முடியாது, ஐயா. எடுத்தால் அந்த வரைபடத்தில் எந்த நிறத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போகும். ஆனால் தரை மட்டம் மாறியிருக்கிறது என்று காட்டினால் கட்டாயம் திரும்பக் கணக்கிடுவோம். ஏப்ரல் மாதம் மக்களின் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைக்கிறோம். நீங்கள் வர வேண்டும். முடிந்தால் ஓடைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பூங்காவனம் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவர் வந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் மனைவி நலமா என்று கேட்பது சம்பிரதாயமாகப் படலாம். உண்மையாகவே கேட்கிறேன்.

அன்புடன்,
மைதிலி


நெமிலிச்சேரி
22 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய அம்மையீர்,

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, மனைவியைப் பூங்காவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு ரயிலும் ஒரு ஆட்டோவும் மாறி வந்தேன். வந்து என்ன கண்டேன்?

மதியம் வரை எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தொழிற்சாலையில் எத்தனையோ அறிக்கை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு வாசலைப் பற்றி எங்களிடமே அந்நிய மொழியில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஒரு இளைஞர் திரையில் அம்புக்குறிகளைக் காட்டிக்கொண்டே போனார். எங்களைக் குறிப்பிடும்போதெல்லாம் 'பங்குதாரர்கள்' என்றார். எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ராகவன் ஐயா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

நீங்கள் மட்டும் எழுந்து, "அவர் முடிக்கட்டும் சார்" என்றீர்கள். அதைக் கவனித்தேன். அது போதாது.

உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து எடுத்த தரை மட்ட அளவுகளை ஸ்ரீகாந்த் உங்களிடம் கொடுத்திருக்கிறார். சுவர் முடிந்துவிட்டது. சாலையும் உயர்ந்துவிட்டது. இதற்குப் பிறகும் சிவப்பு இருந்தால் நாங்கள் நீதிமன்றம் போவோம். சங்கத்தில் தீர்மானம் போட்டாயிற்று.

அந்தப் பக்கத்து ஆட்களை ஏன் அழைத்து வரவில்லை என்று வாசலில் கேட்டீர்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை வர மாட்டார்கள்.

பா. பால்ராஜ்


திருமுல்லைவாயில்
19 மே 2024

மதிப்பிற்குரிய பால்ராஜ் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் கோபப்பட்டது நியாயம். கூட்டத்தைத் தமிழில் நடத்தலாம் என்று நான் சொல்லியிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேருக்குப் புரியாது என்று மாற்றிவிட்டார்கள். அந்த இரண்டு பேருக்காக முப்பது பேர் புரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். மன்னிக்க வேண்டும்.

சர்வேயர் அளவுகளைச் சரிபார்த்தோம். அவை சரியானவை. சுவரையும் உயர்த்திய சாலையையும் சேர்த்துத் திரும்பக் கணக்கிட்டதில் மலர்விழி நகர் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வருகிறது. கவனம் தேவைப்படும் பகுதி, ஆனால் குடியிருக்கலாம் என்று பொருள். நேற்றைய கூட்டத்தில் குழு இதை ஏற்றுக்கொண்டது.

நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. சுவர் தண்ணீரைக் குறைக்காது, ஐயா. இந்தப் பக்கம் வரவிடாமல் தடுத்தால் அது வேறு எங்காவது போக வேண்டும். எதிர்க்கரையையும் ஒருமுறை நேரில் அளந்து பார்க்கலாம் என்று கேட்டேன். ஜூனில் அறிக்கை கொடுத்தாக வேண்டும், நேரம் இல்லை என்று ராகவன் சார் சொல்லிவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். என் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கலாம். குறிப்பை எழுதுகிறவளே நான்தான். ஏனோ எழுதவில்லை. ஒரு வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள், முகம் கோணுவார்களே என்றுதான்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? சுவர் கட்டும்போது சங்கத்தில் யாராவது எதிர்க்கரையைப் பற்றிப் பேசினார்களா?

மைதிலி


நெமிலிச்சேரி
3 ஜூன் 2024

மதிப்பிற்குரிய மைதிலி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைச் சங்கத்தின் பொதுக்குழுவில் வாசித்தேன். பலத்த கைதட்டல். எனக்குச் சால்வை போட்டார்கள். ஸ்ரீகாந்த் வீடு விலை பேசி முடிந்துவிட்டது, ஆனால் இப்போது விற்க வேண்டாம், விலை ஏறும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

சால்வையோடு வீட்டுக்கு வந்ததும் பார்வதம் ஏதோ சொன்னாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கும். பூங்காவனத்துக்கு முழுதும் விளங்கும். "மாப்ள மாரி கீறீங்களாம் சார்" என்று சொல்லிச் சிரித்தாள். பார்வதமும் ஒரு பக்கத்து வாயால் சிரித்தாள். வெகுநாளுக்குப் பிறகு.

தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: பேசவில்லை. எங்கள் சங்கத்தின் எல்லை ஓடையோடு முடிகிறது. அந்தப் பக்கத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

தங்கள் நேர்மைக்கு நன்றி.

பா. பால்ராஜ்


நெமிலிச்சேரி
11 ஜனவரி 2025

மைதிலி அம்மா அவர்களுக்கு,

மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

இந்த மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் நனையவில்லை. அந்தப் பக்கம் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. மாடியில் நின்று பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டர்கள் காய்ந்த தரையில் நிற்கின்றன, அந்தப் பக்கம் ஒரு கட்டில் மிதந்து போகிறது. பூங்காவனம் நான்கு நாள் வரவில்லை. பிறகு வந்தாள். பார்வதத்தைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள்.

சென்ற வாரம் செல்போனை நீட்டினாள். "சார், ஊட்டு செவுத்துல இன்னாவோ ஒட்டிக்கினு போயிட்டானுங்க. போட்டோ புடிச்சாந்தேன். இன்னா எய்திகீதுன்னு பாத்து சொல்லு சார்."

வாசித்தேன். அவர்கள் இருக்கும் ஓடைக்கரைத் தெரு அபாயப் பகுதி என்று ஆய்வறிக்கை கண்டிருப்பதால், அங்கே குடியிருப்பவர்கள் வண்டலூரைத் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரண்டு கட்டமாக மாற்றப்படுவார்கள் என்று இருந்தது. முதல் கட்டம் பிப்ரவரி கடைசியில். அவள் வரிசை முதல் கட்டத்தில் வருகிறது. ஆய்வறிக்கை என்றால் தங்கள் அறிக்கைதான். உள்ளபடியே சொன்னேன்.

போனை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நிஷாவுக்கு மார்ச்சுல ப்ளஸ் டூ எக்ஸாம் கீது சார். அங்கேர்ந்து ஆவடிக்கு எப்டி சார் வரும்? ஒங்க தெருவுக்கு எய்தினியே, அதே மாரி எங்களுக்கும் ஒரு லெட்டர் எய்திக் குடு சார். நீ எய்தினா கேக்கறாங்க இல்ல" என்றாள். நிஷா அவள் மகள். கணவன் இல்லை.

ஆகவே எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு மாற்றியது போல அந்தத் தெருவுக்கும் மாற்ற முடியாதா? எனக்கும் இதில் தன்னலம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவனம் இல்லாவிட்டால் பார்வதத்தை நான் ஒருவனாகப் பார்த்துக்கொள்ள முடியாது.

பா. பால்ராஜ்


திருமுல்லைவாயில்
20 ஜனவரி 2025

பால்ராஜ் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அறிக்கையின் கடைசி வடிவத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். இப்போது எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

ஓடைக்கரைத் தெருவின் சிவப்பை எடுக்க முடியாது. அது உண்மை. நீங்களே மாடியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அது ஏன் சிவப்பு என்பதை எங்கள் அறிக்கை சொல்லவில்லை. உங்கள் சுவரை, அது ஏதோ காலங்காலமாக அங்கே இருக்கிற மேடு என்பது போலக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். சுவரை எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் ஓடைக்கரைத் தெருவில் இந்த அளவு தண்ணீர் நிற்காது. இந்த முறை பெய்த மழைக்கு இரண்டு பக்கமும் பரவி, இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழேதான் இருந்திருக்கும். அதாவது, தண்ணீர் உங்களிடமிருந்து அவர்களிடம் போயிருக்கிறது. அதற்கு வழிவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அறிக்கைக்கு ஒரு பின்னிணைப்பு கொடுக்கலாம், அதில் சொல்ல வேண்டியது இது. வெள்ளத்துக்குப் பிறகு, யாருடைய அனுமதியும் இல்லாமல், ஒரு சங்கம் கட்டிய சுவரால் எதிர்க்கரையின் ஆபத்து கூடியது. அந்தச் சுவரில் திறப்பு வைத்தால் குறையும். ஆகவே மறு ஆய்வு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. குழுவில் என்னோடு இன்னும் இருவர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ராகவன் சார் போடமாட்டார்.

ஆனால் சுவரைக் கட்டியது யார், எப்போது என்பதைக் கட்டியவர்களே எழுதித் தந்தால்தான் துறை ஏற்றுக்கொள்ளும். சங்கத்தின் செயலாளர் நீங்கள். அப்படி எழுதினால் உங்கள் தெரு மறுபடி சிவப்பாகலாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை கூட்டத்தில் உங்களுக்குப் பேச நேரம் கேட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்காக நேரம் கேட்க யாருமே வரவில்லை. நீங்கள் அழைக்கவில்லை, நானும் போய் அழைக்கவில்லை. இதை உங்கள் மேல் மட்டும் போடவில்லை. ஆனால் பாதி உங்களுடையது.

பிப்ரவரிக்குள் தர முடியுமா?

மைதிலி


நெமிலிச்சேரி
9 மார்ச் 2025

மைதிலி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்குக் கோபமூட்டியது. என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. இரண்டு வாரம் பதில் எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சங்கத்தைக் கூட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கள் யோசனையைச் சொல்லி முடிப்பதற்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஸ்ரீகாந்த் எழுந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "அங்கிள், உங்களுக்கு லோன் இல்ல. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் கட்டணும். மறுபடி ரெட் போட்டா இந்த வீட்ட விக்கவும் முடியாது, நிம்மதியா இருக்கவும் முடியாது. அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கவர்மென்ட் வேற வீடு தருது. எங்களுக்கு யாரு தருவா?" அவர் கெட்டவர் இல்லை அம்மா. சுவர் கட்டுவதற்கு முந்தைய டிசம்பர் மழையில் தெரு முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்தது.

கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்தினேன். பிப்ரவரி கடைசியில் லாரிகள் வந்தன. போலீஸும் வந்தது.

போகிற அன்று காலையில் பூங்காவனம் வந்தாள். எப்போதும் போலப் பார்வதத்துக்கு முகம் துடைத்து, தலை வாரி, இட்லியை மசித்து ஊட்டினாள். "நா ஷிப்ட் ஆவறேம்மா. யாராவது வருவாங்க, அவங்ககிட்ட மொரண்டு புடிக்காம சாப்ட்டுடு. இன்னாம்மா?" என்றாள். பார்வதம் நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பூங்காவனம்தான் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் என்னைத் தாண்டும்போது, "லெட்டர் எய்தினியா சார்?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். "பதில் வந்துச்சா?" வந்தது என்றேன். என்ன பதில் என்று அவள் கேட்கவில்லை. நிஷா லாரியின் பின்னால் புத்தகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மறு வாரம் பரீட்சை தொடங்க இருந்தது.

வேறு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் கையால் பார்வதம் வாய் திறக்க மறுக்கிறாள். நான் ஊட்டினால் கொஞ்சம் சாப்பிடுகிறாள்.

இத்துடன் நான் எழுதிய வாக்குமூலத்தை வைத்திருக்கிறேன். சுவரைக் கட்டியது நாங்கள், எப்போது கட்டினோம், யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, எல்லாம் இருக்கிறது. சங்கத்தின் முத்திரை இல்லை. நேற்று என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் பெயரில்தான் கையெழுத்திட்டிருக்கிறேன். செல்லுமா என்று தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன் தந்திருந்தால் செல்லும் என்பது தெரியும்.

பா. பால்ராஜ்


திருமுல்லைவாயில்
18 மே 2025

அன்புள்ள ஐயா,

செல்லும் என்று எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

பின்னிணைப்பை மார்ச் கடைசியில் மூன்று பேர் கையெழுத்தோடு கொடுத்தோம். உங்கள் வாக்குமூலம் அதில் முதல் ஆவணம். சென்ற வாரம் துறையிலிருந்து பதில் வந்தது. ஓடைக்கரைத் தெருவில் இரண்டாம் கட்டமாகப் போக வேண்டியிருந்த வீடுகளை மறு ஆய்வு முடியும்வரை தொடக் கூடாது என்று உத்தரவு. சுவரில் எங்கெங்கே திறப்பு வைக்கலாம் என்று பார்க்க ஒரு பொறியாளரை அனுப்புகிறார்கள். முதல் கட்டத்தில் போனவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன். அந்த இடத்தை ஏற்கெனவே சமன்படுத்தி வேலி போட்டுவிட்டார்களாம்.

பாதித் தெரு நின்றது. அதை எண்ணி மகிழ வேண்டும். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுதாக வரவில்லை. உங்களுக்கும் வராது என்று தெரியும்.

குழுவில் நான் இப்போது இல்லை. ராகவன் சார் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "மைதிலி, அறிக்கை கொடுத்தப்புறம் மனசாட்சிக்குன்னு தனியா ஒரு அனெக்சர் போடற பழக்கம் நமக்குக் கிடையாது" என்றார். நான், "இனிமே வெச்சுக்கலாம் சார்" என்றேன். அடுத்த நாள் வேறு ஒருவரை ஒருங்கிணைப்பாளராகப் போட்ட கடிதம் வந்தது. ராகவன் சாரிடம் நான் கற்றதெல்லாம் பொய் இல்லை. அதுதான் வலிக்கிறது.

போன சனிக்கிழமை கூட்டம் இல்லாததால் நெமிலிச்சேரி வரை வந்தேன். ஓடையோரம் நடந்து எதிர்க்கரையைப் பார்த்தேன். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். மீதியிருக்கும் வீடுகளில் பேசினேன். நிஷா எல்லாப் பரீட்சையும் எழுதிவிட்டாள், தேறிவிட்டாள் என்று சொன்னார்கள். பூங்காவனத்தின் புது முகவரியும் அவர்களிடம் கிடைத்தது, கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. மருத்துவமனைக்குப் போயிருப்பதாகப் பக்கத்தில் சொன்னார்கள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
மைதிலி


நெமிலிச்சேரி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மைதிலி,

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. பார்வதம் ஜூன் மாதம் இறந்துவிட்டாள். உங்களுக்கும் தெரிவிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர் வந்து அளந்துவிட்டுப் போனார். மூன்று இடத்தில் சுவரைத் திறக்கப் போகிறார்கள். ஒன்று சரியாக என் வீட்டுக்கு எதிரே. தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. ஸ்ரீகாந்த் மட்டும் சாவு வீட்டுக்கு வந்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார், போனார். வரைபடத்தில் எங்களுக்கு என்ன நிறம் வரும் என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு இப்போது அதைத் தெரிந்துகொள்ள அவசரம் இல்லை.

இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. நேற்று பூங்காவனத்தைப் பார்க்கப் போனேன்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கின்றன. விசாரித்து விசாரித்து நாலாவது மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "சார், வா சார்" என்று சிரித்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். நிஷா ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாளாம். காலேஜ் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்களாம். இங்கே யாரும் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறவர்கள் இல்லை என்பதால் பூங்காவனம் காலையில் இருட்டோடு பஸ் ஏறி எங்கோ அபார்ட்மென்டில் பெருக்கப் போகிறாள்.

பின்னிணைப்பைப் பற்றிச் சொன்னேன். பாதித் தெரு நின்றதைச் சொன்னேன். சுவர் திறப்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லதாப் போச்சு சார். அவங்களாவது இருக்கட்டும்" என்றாள். பிறகு, "அம்மா எப்டி கீறாங்க?" என்றாள்.

சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "எப்போ?" என்றாள். ஜூனில் என்றேன். ஆகஸ்ட் ஆகிவிட்டது என்பதை அவள் மனதுக்குள் கணக்கிடுவது முகத்தில் தெரிந்தது.

"சொல்லி அனுப்பலியே சார். ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்துருப்பனே."

அட்ரஸ் தெரியவில்லை என்றேன். உங்கள் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்கே போயிருந்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார்" என்றாள்.

ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். எவ்வளவோ பேருக்குப் போன் செய்தேன். விருதுநகரிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். அவள் வந்து பார்வதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால், அங்கே இருக்கிற எல்லாரையும்விட அவளுக்குத்தான் அந்த உரிமை என்று எனக்குத் தெரியும். அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு என்னால் நின்றிருக்க முடியாது. இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வெளியே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது, "கடைசில ஒழுங்கா சாப்ட்டாங்களா சார்?" என்று கேட்டாள்.

சாப்பிட்டாள் என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் சுலபம். ஒரு பொய் சொல்லி அதை அவள் கண்டுகொண்டதும் தெரிந்த பிறகு இன்னொன்று சொல்ல நாக்கு வரவில்லை.

"நீ போனப்புறம் சரியா சாப்பிடல, பூங்காவனம். உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தா" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். சத்தம் இல்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்று, "யாருக்கா? இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். பூங்காவனம் கையை மட்டும் அசைத்து அவளைப் போகச் சொன்னாள். நான் நாற்காலியில் இருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் வலி உண்டு எனக்கு, தரையில் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் கையைப் பிடித்து, பார்வதத்தை எழுப்பி உட்கார வைப்பாளே, அதே மாதிரி அக்குளில் தாங்கி என்னை எழுப்பிவிட்டாள்.

"கெளம்பு சார். மழை வர்றதுக்குள்ள ஊடு போய்ச் சேரு" என்றாள்.

பால்ராஜ்